பாதிக் கிணறு தாண்டியவர்களுக்கான மெயில் பயிற்சி

மெயிலை எப்படிப் பத்திரமாகப் பூட்டி வைப்பது என்று சொல்லித்தர வங்கி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, வாரம் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து போன் போடும் மகன் இருக்கிறான். திறந்து போடுவதற்குத்தான் முறையான பயிற்சி கிடையாது. அவரவர் சொந்த முயற்சியில், கேள்வி ஞானத்தை வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிச் செய்துவருகிறீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இனி அந்தக் கவலை வேண்டாம். பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு நான் இருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். திருட வருகிறவனுக்கு உங்கள் கடிதங்கள் மேல் ஆசை கிடையாது. சித்தப்பா அனுப்பும் காலை வணக்கத்தைப் படிக்க எவனும் இரவு கண் விழிப்பதில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. ஃபேஸ்புக்கோ, பொருள் வாங்கும் தளமோ, பங்குச் சந்தைக் கணக்கோ, எங்கே போய் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அமுக்கினாலும் பெரும்பாலும் புதுச் சாவி வந்து விழுகிற இடம் மெயில்தான். வீட்டில் உள்ள அத்தனை அறைச் சாவியும் மாட்டியிருக்கும் ஆணி அது. ஆகவே ஒவ்வோர் அறையாகத் திறந்து போட்டுச் சிரமப்படாதீர்கள். ஆணியை மட்டும் வாசல் பக்கம் அடித்துவிட்டால் போதும்.

1. கணக்கை நீங்களே தொடங்காதீர்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கும். அங்கே உள்ள தம்பியிடம் "ஒரு மெயில் ஐடி போட்டுக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். அவர் உங்கள் பெயரைத் தட்டுவார். கைபேசி எண் கேட்கும் இடம் வரும்போது நீங்கள் டீக்கடையில் இருப்பதால் தன் எண்ணையே போட்டுவிடுவார். பிற்பாடு இந்தக் கணக்கு யாருடையது என்று சந்தேகம் வந்தால் மெயில் கம்பெனி அந்த எண்ணைத்தான் கேட்கும், உங்களை அல்ல. கடவுச்சொல் உங்கள் பெயரும் அதன் வாலில் ஒரு 123உம். அந்தக் கடையில் பிறந்த எல்லா மெயிலுக்கும் அதுதான் நாமகரணம். துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள், வெளியே தெரியும்படி செருகிக்கொள்ளுங்கள்.

சொந்தமாகக் கணக்கு தொடங்கிய கெட்டிக்காரர்களுக்கும் வழி உண்டு. மீட்பு எண் என்று ஓர் இடம் செட்டிங்ஸில் இருக்கிறது. ஐந்து வருஷம் முன்பு நீங்கள் கைவிட்ட சிம்மின் எண் அங்கே இன்னும் இருக்கட்டும். கைவிட்ட எண்ணை டெலிபோன் கம்பெனி சும்மா வைத்திருக்காது. சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். முகம் தெரியாத அந்த மனிதர்தான் இப்போது உங்கள் வாரிசு.

2. கடவுச்சொல் ஊருக்கெல்லாம் ஒன்றே.

மெயிலுக்கு ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, திருமணத் தகவல் தளத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள நீங்கள் என்ன அஷ்டாவதானியா? ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுங்கள். 2013இல் யாகூவுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். 2016 டிசம்பரில் கம்பெனி கணக்குச் சொன்னது: 100 கோடிக் கணக்குகளின் விவரம் போயிற்று. 2017 அக்டோபரில் திருத்திச் சொன்னது: 300 கோடி. அதாவது அன்றைக்கு இருந்த எல்லாக் கணக்குகளும். அந்தக் காலத்தில் உங்களுக்கும் ஒரு யாகூ ஐடி இருந்திருக்கும், அரட்டை அறைக்குப் போவதற்காகவாவது. அன்று வைத்த சொல்லை இன்றும் மாற்றவில்லைதானே? பேஷ். எங்கோ ஓரிடத்தில் களவு போன பெயரையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதைத் திருடர்கள் கையால் செய்வதில்லை, அதற்கு நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிரல் ஏமாந்து திரும்பக் கூடாது.

கடவுச்சொற்களை மொத்தமாகப் பூட்டி வைக்கும் செயலிகள் இருக்கின்றன, சில இலவசம்கூட. நீளமாக, தாறுமாறாக, அவையே சொல் உண்டாக்கித் தரும். நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதுமாம். உங்களுக்கு இருப்பதே ஒன்றுதானே, நடுவில் செயலி எதற்கு?

3. பாதுகாப்புக் கேள்வி வந்தால் அரிச்சந்திரனாக இருங்கள்.

பிறந்த ஊர் எது, படித்த பள்ளி எது என்று சில தளங்கள் கேட்கும். பொய் சொல்லக் கூடாது என்று எந்தக் கடவுளும் தடை போடவில்லை. பிறந்த ஊருக்குப் 'பீர்க்கங்காய்த் துவையல்' என்று எழுதினாலும் கணினி முகம் சுளிக்காது. ஆனாலும் நீங்கள் உண்மையே எழுதுங்கள். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் அப்படித்தான் உண்மை எழுதியிருந்தார். ஒரு கல்லூரி மாணவன் அவருடைய யாகூ மெயிலின் வாசலில் போய் நின்றான். பிறந்த தேதி கேட்டது, அது இணையத்தில் இருந்தது. அஞ்சல் குறியீடு கேட்டது, ஊர் சின்னது. கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டது, பள்ளிக்கூடத்தில் என்பது நாடறிந்த காதல் கதை. திறந்துகொண்டது.

அவருக்காவது பத்திரிகைகள் எழுதித்தான் ஊருக்குத் தெரிந்தது. நமக்கு அந்தத் தரித்திரம் இல்லை. பிறந்த தேதிக்கு நாற்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயரும் பூர்வீக ஊரும் அச்சடித்து, அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

4. இரண்டாவது பூட்டைப் போடாதீர்கள்.

கடவுச்சொல் தெரிந்தாலும் கைபேசி கையில் இல்லாமல் உள்ளே வர முடியாதபடி ஒரு பூட்டு இருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பு என்பார்கள். ஜிமெயிலில் 2011 முதல் எல்லோருக்கும் இலவசம். போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை ரீல்ஸ் பார்க்கலாம் என்று நீங்களே யோசியுங்கள். ஏற்கெனவே யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், அந்த ஆறு இலக்க எண் மெயிலிலோ குறுஞ்செய்தியிலோ வரும்போது பூட்டிய திரையிலும் முழுசாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, போனை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். போன் போட்டு யாராவது கேட்டால் இரண்டிரண்டு இலக்கமாக, நிதானமாகச் சொல்லுங்கள். அவரும் எழுதிக்கொள்ள வேண்டும் அல்லவா?

5. படங்கள் தாமாக வரட்டும்.

இது நுட்பமான பாடம். விளம்பர மெயிலில் தீபாவளித் தள்ளுபடிப் படத்தின் அடியில் இன்னொரு படமும் இருக்கும். ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம். நிறம்கூடக் கிடையாது. அந்தப் புள்ளி மெயிலுக்குள் இல்லை, அனுப்பியவரின் கணினியில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகவரியில் ஒரு புள்ளி. நீங்கள் மெயிலைத் திறந்ததும் உங்கள் நிரல் ஓடிப்போய் அதை எடுத்துவரும். எடுத்துவரும்போதே இன்ன ஆள், இன்ன நேரத்தில் திறந்தார், இன்ன வகைக் கருவியில், இணையத்தில் இன்ன எண்ணிலிருந்து என்று அங்கே பதிவாகிவிடும். வாசல் மணியடித்துவிட்டு ஓடும் பையனைப் போல. வித்தியாசம் என்னவென்றால் இவன் ஓடுவதில்லை, நோட்டில் குறித்துக்கொள்கிறான்.

இந்தச் சுகத்தைக் கெடுக்கப் பலரும் முயன்றிருக்கிறார்கள். அவுட்லுக் 2003 பதிப்பிலேயே வெளிப்படங்களைத் தானாக எடுக்காதபடி செய்தார்கள். தண்டர்பேர்டும் அப்படியே. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் கணினி வழியாக எடுத்துத் தருகிறது. இதனால் நீங்கள் எந்த எண்ணில் இருக்கிறீர்கள் என்பது மறையும். ஆனால் திறந்தீர்களா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆப்பிள் 2021இல் தன் மெயில் செயலியில், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே எடுத்து, நோட்டுக்காரனைக் குழப்பிவிட்டது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, பல்சக்கரத்தை அமுக்கி, முதல் பக்கத்திலேயே பார்த்தால், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி செய்ய ஒரு வட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு நீங்கள் சேலை விளம்பரம் பார்த்தது சேலைக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

6. இணைப்பு வந்தால் பிரியுங்கள். யோசிப்பது அபசகுனம்.

2000ஆம் ஆண்டு மே 4. மணிலாவிலிருந்து புறப்பட்ட ஒரு மெயில். தலைப்பு: 'ஐ லவ் யூ'. உள்ளே காதல் கடிதம் என்று பெயர் வைத்த கோப்பு. பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று இருந்ததால் சாதாரண எழுத்துக் கோப்பு என்று நினைத்தார்கள். அதற்கும் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது. அதுதான் உண்மையான வால். நிரல் என்று அர்த்தம். தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. திறந்ததும் அது அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் திறந்தவரின் பெயரிலேயே காதலைச் சொல்லிற்று. மேலதிகாரி தனக்குக் கீழே வேலை செய்யும் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் ஐ லவ் யூ சொன்ன நாள் அது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மெயிலை மூடி வைக்க வேண்டியதாயிற்று. பிடிபட்ட இளைஞரைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டம் இல்லை. விட்டுவிட்டார்கள்.

இதில் உங்களுக்கு என்ன பாடம்? வால் இன்றைக்கும் மறைந்துதான் இருக்கிறது. புது விண்டோஸிலும் நீங்களாகப் போய் 'கோப்பு வால்களைக் காட்டு' என்று குறியிட்டால்தான் தெரியும். குறியிடாதீர்கள். 'மின்கட்டண ரசீது பிடிஎஃப்' என்று வந்த ஒன்று உண்மையில் பிடிஎஃப் தானா என்று ஆராய்வது வந்த விருந்தாளியிடம் ஆதார் கேட்பது மாதிரி.

அந்தக் காதல் கடிதத்துக்கு முந்தைய ஆண்டு, 1999 மார்ச்சில், மெலிசா என்று ஒருத்தி வந்தாள். வேர்ட் கோப்புக்குள் மேக்ரோ எனும் குட்டி நிரலாக உட்கார்ந்திருந்து, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டாள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகத் தடுக்கத் தொடங்கியது 2022இல். நடுவில் 23 வருஷம். ஒரு பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்துவிடலாம். அத்தனை பெரிய கம்பெனியே நிதானமாக இருந்த விஷயத்தில் உங்களுக்கு என்ன அவசரம்? கோப்பைத் திறந்ததும் மேலே ஒரு பட்டை தோன்றி எச்சரிக்கும். அந்தப் பட்டை போகும் வரை அமுக்கிக்கொண்டே இருங்கள்.

7. அனுப்பியவர் பெயரை நம்புங்கள். முகவரியைப் பார்க்காதீர்கள்.

நம் ஊர் இன்லண்ட் லெட்டரின் பின்புறம் 'அனுப்புநர்' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் சரிபார்க்க மாட்டார். மெயிலும் அதே வம்சம்தான். அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் எஸ்எம்டிபி என்ற முறையை 1982இல் வகுத்தபோது, வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அனுப்புகிறவர் சொல்வது நிஜமா என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை. பிற்பாடு ஸ்பாமைத் தாங்க முடியாமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த ஒட்டும் பெயரைத் தொடாது. 'வங்கி மேலாளர்' என்ற பெயரை எவர் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். கைபேசியில் அந்தப் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும். அதன்மேல் விரலை வைத்தால் அடியில் முழு முகவரி விரியும், வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடைத்தெரு. விரலை வைக்காதீர்கள்.

பெரிய இடத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று கூகுள் சொல்வதுபோல. அலுவலகத்தில் சந்தேகப்பட்டுக் கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் 'இது முறையான மெயில்' என்று பதில் போட்டார். முறையற்ற மெயில் என்று எழுத நினைத்ததாகவும் கை தவறிவிட்டதாகவும் பின்னால் சொன்னார். அத்துடன் கூகுளின் உண்மையான இணைப்பையும் கொடுத்து, இரட்டைச் சரிபார்ப்பைப் போடச் சொல்லியிருந்தார். ஆனால் அமுக்கப்பட்டது பழைய மெயிலில் இருந்த பட்டன். அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால், கடிதங்களை விக்கிலீக்ஸ் தவணை தவணையாக வெளியிட்டது. ரிசோட்டோ என்ற அரிசிப் பதார்த்தத்தைப் பதமாகக் கிண்டுவது எப்படி என்ற குறிப்புகூட அதில் இருந்தது.

கவனியுங்கள், அவர்கள் சந்தேகப்பட்டார்கள், விசாரித்தார்கள், அப்படியும் மாட்டினார்கள். நீங்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சம்!

8. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் உடனே பணம் அனுப்புங்கள்.

திருப்பூரில் நூல் வாங்குகிறவரோ சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவரோ, இந்தப் பாடம் உங்களுக்காகவே. இருபது வருஷம் பழகிய முதலாளி திடீரென்று மெயிலில், 'பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறது, இனி இதில் போடவும்' என்று எழுதுவார். போனை எடுத்து "என்ன அண்ணாச்சி, கணக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டால் முப்பது விநாடியில் விஷயம் முடிந்துவிடும். கேட்காதீர்கள், அண்ணாச்சி தப்பாக நினைப்பார். லிதுவேனியாக்காரர் ஒருவர் 2013 முதல் 2015 வரை, தைவான் நாட்டு வன்பொருள் கம்பெனியின் பெயரில் போலி விலைப்பட்டியல் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். கொடுத்தவர்கள் கூகுளும் ஃபேஸ்புக்கும். மெயில் நடத்துகிறவர்களே கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் யார் கேட்பதற்கு? 2019இல் அவருக்கு ஐந்து வருஷச் சிறை கிடைத்தது. அது அவர் பாடு.

9. 'ஃபார்வர்டிங்' என்ற பக்கத்தைத் திறக்கவே திறக்காதீர்கள்.

என் பயிற்சியின் மணிமகுடம் இதுதான். தள்ளி உட்காராமல் கேளுங்கள்.

கைதேர்ந்தவன் உள்ளே வந்தால் எதையும் உடைக்க மாட்டான். கடவுச்சொல்லைக்கூட மாற்ற மாட்டான், மாற்றினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். செட்டிங்ஸுக்குள் போய், வருகிற மெயிலின் நகலெல்லாம் தன் முகவரிக்கும் வரும்படி எழுதிவிட்டு, வந்த தடம் தெரியாமல் போய்விடுவான். இன்னும் விவரமானவன் ஃபில்டர் போடுவான். 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயில்கள் எனக்கு வரட்டும், இன்பாக்ஸில் தெரியாமல் படித்ததாகக் குறியிட்டு ஒதுங்கட்டும். எட்டாம் படியில் அண்ணாச்சி பேசுகிற மாதிரியே மெயில் வருகிறதே, அந்தப் பாஷையை இப்படித்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துக்கொள்கிறான். பிறகு ஒருநாள் உங்களுக்கு ஏதோ உறுத்திக் கடவுச்சொல்லை மாற்றுவீர்கள். மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஃபார்வர்டும் ஃபில்டரும் அப்படியே இருக்கும். கதவுக்குப் புதுப் பூட்டு, சுவரில் பழைய ஓட்டை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பொது மெயிலுக்கு வரும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல், வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. விடுப்பில் இருந்தபோது வசதிக்காக அவரே போட்டது. போட்டதை அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம். நாலு வருஷம். டெண்டர் விலை, சம்பளப் பட்டியல், மேனேஜரின் சர்க்கரை அளவு எல்லாம் போயிருக்கிறது. கண்டுபிடித்தது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த மனிதரே தாங்க முடியாமல் போன் போட்டார்: "சார், என் இன்பாக்ஸ் ரொம்பிப் போச்சு, கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

நல்ல மனிதர். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் வலது ஓரம், கீழே, பொடி எழுத்தில் கடைசியாக எப்போது நுழைவு நடந்தது என்று இருக்கும். பக்கத்தில் 'விவரம்'. அமுக்கினால் எந்தக் கருவி, எந்தப் பகுதி, எத்தனை மணி என்று வரிசையாக வரும். நீங்கள் போகாத ஊர் அதில் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகப் போட்டிருக்கிறார்கள், பார்க்க வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

10. பிரிண்ட் எடுக்க மறுபடி ஜெராக்ஸ் கடை.

அங்கே உள்ள கணினியில் மெயிலைத் திறந்து, கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று உலாவி கேட்டால் ஆமாம் என்று சொல்லி, ஆதாரை இரண்டு நகல் எடுத்து, பஸ் வந்துவிட்டதால் வெளியேறாமல் ஓடுங்கள். ஓட முடியாதவர்கள் கடையின் மெயிலுக்கே அனுப்பிவிடலாம். சுவரில் ஒட்டியிருப்பார்கள். அந்த இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு தாலுகாவின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ், டிசி எல்லாம் தேதி வாரியாக இருக்கும். விஏஓவிடம்கூட அவ்வளவு ஒழுங்கான பதிவேடு இருக்குமா தெரியாது.

மின் ஆதாருக்குப் பூட்டு இருக்கிறதே என்று யாராவது பயமுறுத்தலாம். பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். இரண்டும் அந்த ஆதாரிலேயே அச்சாகியிருக்கிறது. வங்கிகள் அனுப்பும் மாதக் கணக்கிலும் இந்தக் கலையே. பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் சாவி என்று அந்த மெயிலிலேயே விளக்கிவிடுவார்கள், சிலர் உதாரணத்தோடு. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடும் இந்தப் பண்பை நான் அவர்களிடமிருந்துதான் கற்றேன்.

11. ஊருக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

விடுமுறைப் பதில் என்ற வசதியைப் போடுங்கள். 'குடும்பத்துடன் காசி, ராமேஸ்வரம் யாத்திரை. 12 முதல் 24 வரை வீட்டில் யாரும் இல்லை. அவசரம் என்றால் பின்வரும் எண்.' எனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்பு என்று அடியில் ஒரு கட்டம் இருக்கும். குறியிட்டால் முன்பின் தெரியாதவர்களுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் பகுதியில் கதவு எண், தெரு, அடையாளத்துக்கு எதிரே உள்ள பிள்ளையார் கோயில் வரைக்கும் போட்டுவிடுங்கள்.

12. குடியிருப்போர் சங்கத்துக்கு மெயில் போடுகிறீர்களா? 180 முகவரியையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் போடுங்கள், மற்றவர் கண்ணில் படாத பிசிசியில் அல்ல. பதிலை எல்லோருக்கும் அனுப்புவதே இயல்பு என்று மாற்றும் வசதியும் ஜிமெயில் செட்டிங்ஸில் உண்டு. செயலாளரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் எழுதுவது செயலாளருக்கும் கிடைக்கட்டும். அனுப்பியதைத் திரும்பப் பெற 30 விநாடி வரை வைக்கலாம், தானாக இருப்பது 5. ஐந்தே போதும், வருந்துவதற்கு அது தாராளம்.

13. சொந்தப் பெயரில் டொமைன் வாங்கிக் கம்பெனி மெயில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மெயிலை எடுத்துவரும் போர்ட் எண்களில் 993, 995 என்பன பூட்டிய வழிகள். 143, 110 என்பன திறந்த வழிகள், நீங்களாகக் குறுக்கிட்டு இடையில் பூட்டினால் ஒழிய. பத்து வருஷம் முன்பு யாரோ போட்டுத் தந்தது 110 என்றால் அப்படியே இருக்கட்டும். ரயில் நிலையத்து இலவச வைஃபையில் உங்கள் கடவுச்சொல் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகும்.

14. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் செயலி உங்கள் மெயிலைப் படிக்க, அனுப்ப, அழிக்க அனுமதி கேட்டால் கொடுங்கள். குரு பார்வை எங்கிருந்து வரும் என்று நமக்கு என்ன தெரியும்? செயலியை நீக்கினாலும் அனுமதி நீங்காது, அதைத் தனியாகப் போய் ரத்து செய்ய வேண்டும். போகாதீர்கள்.

15. கடைசிப் படி. ஒருநாள் மெயில் திறக்காது.

அந்த நாளுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம். பதறாதீர்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் போடச் சொல்வார்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறிப் போகும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறதாம். இன்று அஷ்டமி, நாளை நவமி. நாளைக் கழித்துப் பார்க்கலாம். அதற்குள் சொந்தக்காரர்களுக்கு உங்கள் பெயரில் மெயில் போயிருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஐம்பதாயிரம் வேண்டும் என்று. மைத்துனர் அனுப்பியும் இருப்பார். இத்தனை வருஷத்தில் நீங்கள் நேரில் கேட்டு அவர் கொடுத்ததில்லை, மெயிலில் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

பிறகு பேருந்து நிலையத்துக்கு எதிரே போங்கள். "தம்பி, புதுசா ஒரு மெயில் ஐடி போட்டுக் குடுப்பா." அவர் பெயர் கேட்பார், பிறந்த தேதி கேட்பார். "போன் நம்பர் என் நம்பரையே போட்டுரட்டுமா அண்ணே?" என்பார். சரி என்று சொல்லிவிட்டு, நூறு ரூபாய் கொடுத்து மீதி அறுபதை அவர் முன்னாலேயே எண்ணி வாங்குங்கள். பண விஷயத்தில் யாரையும் நம்பக் கூடாது.